கோணத் திசைவேகம்: ஐந்து மாலைகளில் கைக்குக் கொண்டுவரும் வழி

கோவையில் ஒரு மோட்டார் பட்டறையில் பயிற்சிக்குச் சேர்ந்த இரண்டாவது வாரம். ஒரு குதிரைத்திறன் மோட்டார், நிமிடத்துக்கு 1440 சுற்று. அதன் தண்டில் எவ்வளவு திருப்பு விசை வரும் என்று கணக்குப் போட்டு, அதற்கேற்ற கப்ளிங் (இரண்டு தண்டுகளை இணைக்கும் பாகம்) எழுதித் தரச் சொன்னார்கள். திறனைக் கோணத் திசைவேகத்தால் வகுத்தால் திருப்பு விசை என்பது எனக்கு மனப்பாடம். ஒரு குதிரைத்திறனுக்குரிய 746 வாட்டை 1440-ஆல் வகுத்து, 0.52 நியூட்டன் மீட்டர் என்று எழுதிக் கொடுத்தேன்.

அங்கே மூத்தவர் ஒருவர் தாளை வாங்கிப் பார்த்தார். "தம்பி, ஒரு அடிக் கம்பியைத் தண்டுல கட்டி நுனியில ஒரு தக்காளியைத் தொங்கவிட்டா மோட்டார் நின்னுருமுங்களா? உங்க கணக்கு அப்படித்தான் சொல்லுது" என்றார். சரியான விடை 4.95. ஏறத்தாழ பத்து மடங்கு பிசகு. டிப்ளமோவில் அந்தப் பாடத்தில் நல்ல மதிப்பெண் வாங்கியிருந்தேன். ஆனால் கோணத் திசைவேகத்தை, அதாவது ஒரு பொருள் சுற்றும் விரைவைக் குறிக்கும் ஒமேகா என்ற எழுத்து எதை அளக்கிறது, எந்த அலகில் அளக்கிறது என்பது எனக்குள் இறங்கவே இல்லை.

அதற்குப் பிறகு புத்தகத்தையும் வீட்டில் சுற்றும் பொருள்களையும் வைத்துக்கொண்டு முதலிலிருந்து படித்தேன். எனக்கு மாதக் கணக்கில் ஆனது. சரியான வரிசையில் போனால் ஐந்து மாலைகள், மாலைக்கு ஒரு மணி நேரம் போதும். பிளஸ் ஒன் மாணவர்கள், பாலிடெக்னிக் முதலாண்டில் இருப்பவர்கள், பட்டறையில் புதிதாகச் சேர்ந்தவர்கள் மூவருக்கும் இந்த வரிசை ஒத்துவரும்.

தொடங்கும் முன் எடுத்து வைக்க வேண்டியவை

கோடு போடாத ஒரு நோட்டு, ஜியோமெட்ரி பெட்டியில் இருக்கும் கோணமானி, தையல் நூல், அளவு நாடா, ஒட்டுவதற்குச் சிறு ஸ்டிக்கர்கள். எல்லாம் சேர்ந்து நூறு ரூபாய்க்குள் அடங்கும். ஒரு போனும் வேண்டும். பழைய போனாக இருந்தாலும் பரவாயில்லை.

புத்தகத்துக்குச் செலவு இல்லை. தமிழ்நாடு பாடநூல் கழகத்தின் பதினோராம் வகுப்பு இயற்பியல் முதல் தொகுதி இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. முதல் தடுமாற்றம் அங்கேயே காத்திருக்கும். கோணத் திசைவேகம் ஒரே இடத்தில் இல்லை. அறிமுகம் அலகு 2-ல், வட்ட இயக்கத்தோடு வருகிறது. திண்மப்பொருள்களின் சுழற்சி அலகு 5-ல் இருக்கிறது. நேராக ஐந்தைத் திறந்தவர்கள் பாதி வழியில் மாட்டிக்கொள்கிறார்கள். நானும் அப்படித்தான் மாட்டினேன். இரண்டு பகுதிகளையும் அச்செடுத்துச் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். இலங்கைப் பாடநூல்களில் இதையே கோண வேகம் என்பார்கள். தேடும்போது இரண்டு பெயரிலும் தேடலாம்.

1. ரேடியனை நூலால் அளங்கள் (முதல் மாலை)

இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள். என் பத்து மடங்குப் பிசகு இங்கே தொடங்கியதுதான்.

ஒரு சாப்பாட்டுத் தட்டை நோட்டில் கவிழ்த்து விளிம்பைச் சுற்றிக் கோடு போடுங்கள். மையத்தைக் கண்டுபிடியுங்கள். மையத்திலிருந்து விளிம்பு வரை உள்ள நீளத்துக்கு நூலை வெட்டுங்கள். அதுதான் ஆரம். இப்போது அதே நூலை வட்டத்தின் விளிம்பின் மேல் வளைத்துப் படுக்க வையுங்கள். நூலின் இரு முனைகளையும் மையத்தோடு கோட்டால் இணையுங்கள். மையத்தில் ஒரு கோணம் கிடைக்கும். அதுதான் ஒரு ரேடியன். கோணமானியில் பார்த்தால் 57 பாகையும் கொஞ்சமும் இருக்கும்.

அதே நூலை விளிம்பில் அடுத்தடுத்து வைத்துக்கொண்டே போங்கள். ஆறு முறை வைத்த பிறகும் ஒரு சிறு இடைவெளி மிஞ்சும். ஒரு முழுச் சுற்று 6.283 ரேடியன் என்பது அந்த ஆறு நூலும் மிச்ச இடைவெளியும்தான். இரண்டு மடங்கு பை என்று புத்தகம் எழுதுவது இதைத்தான்.

அப்புறம் ஒரு டம்ளரின் வாயையும் ஒரு பெரிய தாம்பாளத்தையும் வைத்து இதையே செய்யுங்கள். நூலின் நீளம் மாறும், கோணம் மாறாது. மூன்று வட்டங்களையும் ஒரே பக்கத்தில் வரைந்து வைப்பது நல்லது. பின்னால் குழப்பம் வரும்போது திருப்பிப் பார்க்க அந்தப் பக்கம் உதவும்.

பாகை இருக்கும்போது ரேடியன் எதற்கு என்று கேட்கலாம். ஒரு சுற்றை 360 என்று பிரித்தது மனிதர்கள் தேர்ந்த எண்ணிக்கை. ரேடியன் வட்டத்தின் ஆரத்திலிருந்தே பிறந்தது. அதனால்தான் ரேடியனில் உள்ள கோணத்தை ஆரத்தால் பெருக்கினால் விளிம்பில் நகர்ந்த நீளம் நேரடியாக வந்துவிடுகிறது. பாகையைப் பெருக்கினால் வராது. இனி வரும் எல்லாச் சூத்திரங்களும் இந்த ஒரு வசதியின் மேல்தான் நிற்கின்றன.

2. சுவர்க் கடிகாரத்தில் முதல் கணக்கு (முதல் மாலை, கடைசி கால் மணி நேரம்)

கோணத் திசைவேகம் என்பது ஒரு வினாடியில் எத்தனை ரேடியன் திரும்புகிறது என்பது. வினாடி முள் 60 வினாடியில் ஒரு சுற்று, அதாவது 6.283 ரேடியன். வகுத்தால் வினாடிக்கு 0.1047 ரேடியன். நிமிட முள் 3600 வினாடியில் ஒரு சுற்று. வினாடிக்கு 0.001745.

மணி முள்ளுக்கு வரும்போது கவனியுங்கள். அது ஒரு சுற்றுக்கு எடுப்பது 12 மணி நேரம், 24 அல்ல. 43,200 வினாடி. விடை 0.0001454. தேர்வில் 86,400-ஆல் வகுத்து மதிப்பெண் இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பூமிக்கும் இதைச் செய்யலாம். பூமி தன்னைத்தானே ஒருமுறை சுற்ற எடுப்பது 23 மணி 56 நிமிடம் 4 வினாடி. சூரியனை வைத்து அளந்தால்தான் 24 மணி நேரம். 86,164 வினாடியால் வகுத்தால் 0.0000729 வரும். மணி முள் பூமியைப் போல இரண்டு மடங்கு விரைவாகச் சுற்றுகிறது என்பதை நான் முதலில் நம்பவே இல்லை. எண்கள் அப்படித்தான் சொல்கின்றன.

3. சுற்றிலிருந்து ரேடியனுக்கு (இரண்டாம் மாலை)

பட்டறையில் யாரும் ரேடியன் பேச மாட்டார்கள். மோட்டாரின் பெயர்ப்பலகையில் ஆர்.பி.எம். (நிமிடத்துக்கு எத்தனை சுற்று) என்றுதான் இருக்கும். சூத்திரமோ ரேடியனைத்தான் கேட்கும். இரண்டுக்கும் இடையில் ஒரே ஒரு பெருக்கல். நிமிடத்துக்கு இத்தனை சுற்று என்ற எண்ணை 6.283-ஆல் பெருக்கி 60-ஆல் வகுக்க வேண்டும். சுருக்கமாக, 9.55-ஆல் வகுத்தால் போதும்.

1440-ஐ 9.55-ஆல் வகுத்தால் 150.8. தண்ணீர்ப் பம்புகளில் அடிக்கடி பார்க்கும் 2880-க்கு 301.6. இந்த இரண்டையும் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். கோவைப் பக்கம் வேலைக்கு வருபவர்களுக்கு வாரம் ஒருமுறையாவது தேவைப்படும்.

நான் விட்டது இந்த 9.55-ஐத்தான். விடை பிசகியிருந்தால், சரியான விடைக்கும் உங்கள் விடைக்கும் உள்ள விகிதத்தைப் பாருங்கள். 9.55 மடங்கு என்றால் ஆர்.பி.எம்.-ஐ அப்படியே போட்டுவிட்டீர்கள். 6.28 மடங்கு என்றால் வினாடிக்கு இத்தனை சுற்று என்ற அதிர்வெண்ணைக் கோணத் திசைவேகமாக எடுத்துவிட்டீர்கள். 57.3 மடங்கு என்றால் பாகை உள்ளே புகுந்துவிட்டது. பிசகு எங்கே என்பதை விகிதமே காட்டிக் கொடுத்துவிடும். இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. நாற்பது ஐம்பது கணக்குகளில் தவறிய பிறகு நானாகப் பிடித்தேன்.

4. சைக்கிளைத் திருப்பி நிறுத்துங்கள் (இரண்டாம், மூன்றாம் மாலை)

இதில் மூன்றாம் மாலையையும் சேர்த்து எடுத்துக்கொள்ளுங்கள். மொத்தப் பாடத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது.

சைக்கிளைத் தலைகீழாக நிறுத்துங்கள். பின்சக்கரத்தின் ஒரே ஆரக்கம்பியில் இரண்டு ஸ்டிக்கர் ஒட்டுங்கள். ஒன்று அச்சுக்கு அருகில், ஒன்று விளிம்புக்கு அருகில். கையால் மெதுவாகச் சுற்றுங்கள். உள்ளே உள்ள ஸ்டிக்கர் ஒரு சுற்று முடிக்கும்போது வெளியே உள்ளதும் ஒரு சுற்று முடிக்கிறது. இரண்டும் ஒரே நேரத்தில் ஒரே கோணம் திரும்புகின்றன. ஆகவே இரண்டுக்கும் கோணத் திசைவேகம் ஒன்றே. ஆனால் வெளியே உள்ளது ஓடிய தூரம் அதிகம். அதன் வேகம் அதிகம்.

எத்தனை அதிகம்? வேகம் = ஆரம் × கோணத் திசைவேகம். அவ்வளவுதான்.

எண்ணோடு பார்ப்போம். சக்கரத்தைத் தரையில் ஒரு சுற்று உருட்டி நீளத்தை நாடாவால் அளங்கள். என் சைக்கிளில் 2.07 மீட்டர் வந்தது. 6.283-ஆல் வகுத்தால் ஆரம் 0.33 மீட்டர். மணிக்கு 15 கிலோமீட்டரில் மிதித்தால் வினாடிக்கு 4.17 மீட்டர். அதை 0.33-ஆல் வகுத்தால் கோணத் திசைவேகம் 12.6. வினாடிக்கு ஏறத்தாழ இரண்டு சுற்று. அச்சிலிருந்து பார்த்தால் டயரின் விளிம்பு வினாடிக்கு 4.17 மீட்டர் ஓடுகிறது, ஆரக்கம்பியின் நடுப்புள்ளி அதில் பாதி. கோணத் திசைவேகம் இரண்டுக்கும் அதே 12.6.

இப்போது சங்கிலியைப் பாருங்கள். பலரும் வழுக்கி விழும் இடம் இது. மிதிகட்டைப் பக்கத்துப் பெரிய பல்சக்கரமும் பின்னால் உள்ள சிறிய பல்சக்கரமும் ஒரே சங்கிலியால் கட்டப்பட்டவை. இரண்டுக்கும் எது சமம்? கோணத் திசைவேகம் என்று வாயில் வந்துவிடும். தவறு. சங்கிலி நீளாது, சுருங்காது. அதனால் இரண்டின் விளிம்பு வேகம்தான் சமம். பெரியது ஒரு சுற்று சுற்றுவதற்குள் சிறியது இரண்டுக்கும் மேல் சுற்றிவிடும்.

என் சைக்கிளில் முன்னே 44 பல், பின்னே 18 பல். பின்சக்கரம் 12.6-ல் சுற்றினால் மிதிகட்டை 12.6 × 18 ÷ 44, அதாவது 5.15. நிமிடத்துக்கு 49 மிதி. உங்கள் சைக்கிளில் பற்களை எண்ணிப் போட்டுப் பாருங்கள். ஓட்டும்போது ஒரு நிமிடம் மிதியை எண்ணிச் சரிபார்க்கவும் செய்யலாம்.

நோட்டில் பெரிய எழுத்தில் எழுத வேண்டியவை இரண்டு. ஒரே அச்சில் இறுகியிருந்தால் கோணத் திசைவேகம் சமம். சங்கிலி, பெல்ட், பல்சக்கரம் வழியாக இணைந்திருந்தால் விளிம்பு வேகம் சமம். கணக்கைப் படித்ததும் எந்த வகை என்று ஓரத்தில் குறித்துவிட்டுத்தான் பேனாவை ஓட்ட வேண்டும். பட்டறையில் மோட்டார், பெல்ட், பெரிய கப்பி, அதே தண்டில் இன்னொரு சிறிய கப்பி என்று நீளும் கணக்குகள் எல்லாம் இந்த இரண்டையும் மாற்றி மாற்றிப் போடுவதுதான்.

5. கூரை விசிறியை அளங்கள் (நான்காம் மாலை)

எச்சரிக்கையை முதலில் சொல்லிவிடுகிறேன். ஸ்டிக்கர் ஒட்டும்போது சுவிட்சை அணைத்து, விசிறி முழுதாக நின்ற பிறகு ஏறுங்கள். வீட்டில் ஒருவரைச் சுவிட்சுக்குப் பக்கத்தில் நிற்கச் சொல்லுங்கள். போனை விசிறி இறக்கையில் கட்டுவது கூடவே கூடாது. ஏன் என்று கணக்கே கீழே சொல்லும்.

ஒரு இறக்கையில் மட்டும் பளிச்சென்ற ஸ்டிக்கர் ஒட்டுங்கள். விசிறியை முழு வேகத்தில் விட்டு, கீழிருந்து போனில் ஸ்லோ மோஷனில் பதிவு செய்யுங்கள். வினாடிக்கு 240 படம் எடுக்கும் வசதி பல போன்களில் இருக்கிறது. வெளிச்சம் நிறைய வேண்டும். மாலைக்குப் பதில் பகல் நேரம் கிடைத்தால் இன்னும் நல்லது.

பதிவைப் படம் படமாக நகர்த்தி, ஸ்டிக்கர் பத்துச் சுற்று முடிக்க எத்தனை படங்கள் என்று எண்ணுங்கள். ஒரு சுற்றை மட்டும் எண்ணினால் ஒரு படம் முன்பின் ஆனாலும் பிழை பெரிதாகத் தெரியும். என் அறை விசிறிக்குப் பத்துச் சுற்றுக்கு 380 படம். 240-ஆல் வகுத்தால் 1.583 வினாடி. வினாடிக்கு 6.32 சுற்று, நிமிடத்துக்கு 379, கோணத் திசைவேகம் 39.7.

இங்கே இரண்டு பொறிகள் இருக்கின்றன. ஸ்லோ மோஷன் காணொளி திரையில் ஓடும்போது காட்டும் நேரம் உண்மை நேரம் அல்ல. 240 படத்தை 30 படமாக ஓட்டினால் எல்லாம் எட்டு மடங்கு நீண்டுவிடும். நேரத்தைத் திரையில் படிக்காமல் படங்களை எண்ணச் சொல்வது அதனால்தான். அதோடு, சில போன்களில் 240 என்று போட்டிருந்தாலும் உண்மையில் அத்தனை படம் எடுப்பதில்லை. இன்னொரு போனில் ஸ்டாப்வாட்ச் ஓடவிட்டு அதை ஒருமுறை பதிவு செய்து பாருங்கள். ஒரு வினாடிக்கு எத்தனை படம் என்பது தெரிந்துவிடும். ஐந்து நிமிட வேலை.

சாதாரணக் காணொளியில் விசிறி பின்னோக்கிச் சுற்றுவது போலத் தெரிந்தால் பயப்பட வேண்டாம். வினாடிக்கு 30 படம் என்றால், அடுத்தடுத்த இரண்டு படங்களுக்கு இடையில் என் விசிறி 76 பாகை திரும்பிவிடுகிறது. மூன்று இறக்கைகளும் ஒன்று போலவே இருப்பதால் அடுத்த இறக்கை 120 பாகை தள்ளி நிற்கும். கண்ணுக்கு 76 பாகை முன்னே போனதாகத் தெரிவதை விட, பக்கத்து இறக்கை 44 பாகை பின்னே வந்ததாகத் தெரிவது எளிது. ஒரே ஒரு இறக்கையில் ஸ்டிக்கர் ஒட்டச் சொன்னது இந்த ஏமாற்றத்தைத் தவிர்க்கத்தான்.

சரி, இப்போது அந்த எச்சரிக்கைக்கு வருவோம். 1200 மில்லிமீட்டர் விசிறியில் இறக்கை நுனி மையத்திலிருந்து 0.6 மீட்டர். வேகம் 0.6 × 39.7, வினாடிக்கு 23.8 மீட்டர். மணிக்கு 86 கிலோமீட்டர். அந்த நுனியின் மையநோக்கு முடுக்கம், கோணத் திசைவேகத்தின் இருமடியை ஆரத்தால் பெருக்கினால், 946. புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல 96 மடங்கு. 200 கிராம் போன் அங்கே 19 கிலோ எடை தொங்குவது போன்ற இழுப்பைத் தரும். டேப் தாங்காது.

6. திசைக்கு வலக்கை (நான்காம் மாலை, பத்து நிமிடம்)

வேகம் என்று நிறுத்தாமல் திசைவேகம் என்பதால் இதற்குத் திசை உண்டு. அந்தத் திசை சுற்றும் வழியில் இல்லை, அச்சின் வழியாக நிற்கிறது. சுற்றிக்கொண்டிருக்கும் பொருளில் ஒவ்வொரு புள்ளியும் வெவ்வேறு பக்கம் ஓடுகிறது. எல்லாப் புள்ளிக்கும் பொதுவாக, மாறாமல் நிற்கும் ஒரே கோடு அச்சுதான்.

வலக்கை விரல்களைச் சுற்றும் பக்கமாக மடக்குங்கள். கட்டைவிரல் காட்டுவது திசை. தண்ணீர்ப் புட்டியின் மூடியை நினைத்துக்கொண்டால் மறக்காது. மேலிருந்து பார்த்து வலஞ்சுழியாகத் திருகினால் மூடி கீழே இறங்கும், திசையும் கீழ்நோக்கி. இடஞ்சுழியாகத் திருகினால் மூடி மேலே வரும், திசையும் மேல்நோக்கி. கூரை விசிறியைப் படுத்துக்கொண்டு பார்க்கும்போது இடஞ்சுழியாகச் சுற்றினால் அதன் கோணத் திசைவேகம் உங்களை நோக்கிக் கீழே வருகிறது. தேர்வறையில் வலக்கையில் பேனா இருப்பதால் பலர் இடக்கையை மடக்கிவிடுகிறார்கள். பேனாவை மேசையில் வையுங்கள்.

கோணத் திசைவேகத்திலிருந்து ஒரு புள்ளியின் திசைவேகத்தைக் காணும் வெக்டர் பெருக்கலில் வரிசையும் முக்கியம். முதலில் கோணத் திசைவேகம், பிறகு நிலை வெக்டர் (அச்சிலிருந்து அந்தப் புள்ளிக்கு வரையும் வெக்டர்). மாற்றிப் போட்டால் அளவு சரியாக இருக்கும், திசை தலைகீழாகிவிடும்.

7. சுவிட்சை அணைத்துப் பாருங்கள்

கோணத் திசைவேகம் மாறும் வீதம் கோண முடுக்கம். 39.7-ல் சுற்றும் விசிறியை அணைத்து, முழுதாக நிற்கும் வரை ஸ்டாப்வாட்ச் வையுங்கள். எனக்கு 45 வினாடி. வகுத்தால் சராசரிக் கோண முடுக்கம் வினாடிக்கு வினாடி 0.88 ரேடியன், குறை குறியோடு.

சீரான முடுக்கத்துக்கான சூத்திரத்தின்படி நிற்கும் வரை அது சுற்றியிருக்க வேண்டியது 142 சுற்று. காணொளியில் எண்ணியபோது நூறைக்கூடத் தொடவில்லை. எண்ணியதில் பிழை என்று இரண்டு முறை திரும்ப எண்ணினேன். பிழை எண்ணியதில் இல்லை. விரைவாகச் சுற்றும்போது காற்று அதிகமாகத் தடுக்கிறது, மெதுவாகும்போது தடை குறைகிறது. முடுக்கம் சீராக இல்லாத இடத்தில் சீரான முடுக்கத்தின் சூத்திரத்தைப் போட்டிருக்கிறேன். கணக்கில் சீரான கோண முடுக்கம் என்ற சொல் இருக்கிறதா என்று தேடிப் பார்த்துவிட்டுத்தான் இந்தச் சூத்திரங்களைத் தொட வேண்டும்.

8. போனில் உள்ள உணரி (ஐந்தாம் மாலை)

ஜெர்மனியின் ஆகன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் ஃபைஃபாக்ஸ் என்ற செயலியை இலவசமாகத் தருகிறது. போனுக்குள் இருக்கும் உணரிகள் அளப்பதை அப்படியே வரைபடமாகக் காட்டும். நிறுவும் முன் உங்கள் போனில் ஜைரோஸ்கோப், அதாவது கோணத் திசைவேகத்தை அளக்கும் உணரி, இருக்கிறதா என்று பாருங்கள். விலை குறைந்த பல போன்களில் அது இருக்காது. இல்லையென்றால் நண்பரின் போனை ஒரு மாலைக்குக் கேட்டு வாங்குங்கள். இதற்காகப் புதுப் போன் வாங்க வேண்டாம்.

சுழலும் நாற்காலி ஒன்றைப் பிடியுங்கள். இருக்கையின் மேல் ஒரு பலகையைக் கட்டுங்கள். போனைப் பலகையில் அச்சிலிருந்து 10 சென்டிமீட்டர் தள்ளி, திரை மேலே தெரியும்படி டேப்பால் இறுக்கமாக ஒட்டுங்கள். செயலியில் ஜைரோஸ்கோப்பைத் திறந்து பதிவைத் தொடங்கி, நாற்காலியைச் சீராகச் சுற்றுங்கள். இரண்டு வினாடிக்கு ஒரு சுற்று என்றால் 3.1 அருகே காட்டும். மூன்று அச்சுகளில் திரைக்குச் செங்குத்தான அச்சில் மட்டும்தான் பெரிய எண் வரும். மேலிருந்து பார்க்க இடஞ்சுழி என்றால் கூட்டல் குறி, வலஞ்சுழி என்றால் கழித்தல் குறி. போனைக் கவிழ்த்து ஒட்டினால் குறி மாறிவிடும். ஆறாம் படியில் மடக்கிய வலக்கை போனுக்குள்ளும் இருக்கிறது.

இப்போது போனைப் பிரித்து 30 சென்டிமீட்டர் தள்ளி ஒட்டுங்கள். அதே விரைவில் சுற்றுங்கள். ஜைரோஸ்கோப் மறுபடியும் அதே 3.1 காட்டும். மூன்று மடங்கு தள்ளி வைத்தும் எண் மாறவில்லை. சைக்கிள் ஆரக்கம்பியில் இரண்டு ஸ்டிக்கர்கள் காட்டிய அதே செய்தியை இப்போது உணரி சொல்கிறது. திரையில் இதைப் பார்த்த அன்றுதான் எனக்குக் கோணத் திசைவேகம் முழுதாகப் புரிந்தது. அது ஒரு புள்ளிக்குச் சொந்தமானது அல்ல, முழுப் பொருளுக்கும் சொந்தமானது.

அதே இரண்டு இடங்களில் முடுக்கமானியையும் பாருங்கள். புவியீர்ப்பைக் கழித்துக் காட்டும் வகையைத் தேர்ந்தெடுங்கள். 10 சென்டிமீட்டரில் 1-க்கு அருகே, 30 சென்டிமீட்டரில் 3-க்கு அருகே வரும். இது இடத்துக்கு இடம் மாறுகிறது, ஏனென்றால் இதில் ஆரம் இருக்கிறது. எண் சரியாக ஒத்துவரவில்லை என்றால் உணரி போனின் நடுவில் இல்லாததே பெரும்பாலும் காரணம். எங்கோ ஒரு மூலையில் இருக்கும். 10 சென்டிமீட்டர் ஆரத்தில் இரண்டு சென்டிமீட்டர் தவறினால் ஐந்தில் ஒரு பங்கு பிழை.

9. பெயர்ப்பலகையிலிருந்து திருப்பு விசைக்கு

இனி பட்டறைக்குத் திரும்பலாம். திருப்பு விசை = திறன் ÷ கோணத் திசைவேகம். ஒரு குதிரைத்திறன் 746 வாட். 1440-க்கு 150.8. வகுத்தால் 4.95 நியூட்டன் மீட்டர். ஒரு அடிக் கம்பியின் நுனியில் 1.65 கிலோ தொங்குவதற்குச் சமம். என் பழைய விடைப்படி 170 கிராம். மூத்தவர் சொன்ன தக்காளி அதுதான். அதே ஒரு குதிரைத்திறன் 2880-ல் ஓடினால் திருப்பு விசை 2.47-ஆகப் பாதியாகிவிடும். குதிரைத்திறனை மட்டும் பார்த்துக் கப்ளிங் எழுதக் கூடாது என்பது இதனால்தான். விடை வந்ததும் இப்படிக் கம்பியில் தொங்கும் கிலோவாக மாற்றிப் பார்க்கும் வழக்கத்தை அவரிடமிருந்து எடுத்துக்கொண்டேன். இன்றும் விடவில்லை.

பெயர்ப்பலகையில் 1440 என்று இருப்பது முழுச் சுமையில் ஓடும் விரைவு. சுமை இல்லாமல் ஓடும்போது 1500-ஐ ஒட்டி வரும். அளந்த எண் பொருந்தவில்லையே என்று கருவியைக் குறை சொல்வதற்கு முன் சுமை இருக்கிறதா என்று பாருங்கள்.

சுற்றும் விரைவைத் தொடாமல் அளக்கும் லேசர் டாக்கோமீட்டர் ஆயிரம் ரூபாய் அளவில் இணையத்தில் கிடைக்கிறது. படிப்புக்கு மட்டும் என்றால் வாங்கத் தேவையில்லை, ஐந்தாம் படியில் செய்த காணொளியே போதும். வேலைக்கு என்றால் வாங்கலாம். கூட வரும் பளபளப்பு டேப்பைத் தண்டில் ஒரே ஒரு துண்டு ஒட்டுங்கள். இரண்டு துண்டு ஒட்டினால் இரட்டிப்பாகக் காட்டும்.

டியூப் லைட் வெளிச்சத்தில் இந்தக் கருவியைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். சோக் வைத்த பழைய டியூப் லைட் வினாடிக்கு 100 முறை மினுங்கும், நிமிடத்துக்கு 6000. கருவி அந்த மினுக்கத்தையே எண்ணிவிடலாம். அசையாத சுவரில் காட்டிப் பாருங்கள். அங்கேயும் ஏதாவது எண் வந்தால் அது விளக்கின் எண்.

அதே மினுக்கம் கண்ணையும் ஏமாற்றும். லேத்தில் வேலைப்பொருளைப் பிடித்துச் சுற்றும் மூன்று தாடை சக் நிமிடத்துக்கு 2000 சுற்றில் ஓடும்போது, ஒரு மினுக்கத்துக்கும் அடுத்த மினுக்கத்துக்கும் இடையில் சரியாக 120 பாகை திரும்பிவிடும். ஒரு தாடை இருந்த இடத்தில் அடுத்த தாடை வந்து நிற்கும். பார்ப்பதற்குச் சக் அசையாமல் நிற்பது போலிருக்கும். லேத் பக்கம் கை நீட்டும் முன் சத்தத்தைக் கேளுங்கள், சுவிட்சைப் பாருங்கள். கண்ணை மட்டும் நம்பிச் சக்கைத் தொடாதீர்கள்.